ஏழாம் மாடியில் ஓர் அம்மா

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. தபால்காரர் வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டுக்காரி அதை இரண்டு நாள் தன் மேஜைமேலேயே வைத்திருந்து, பிறகு "உங்களுக்குத்தான் போலிருக்கு" என்று சாவகாசமாகக் கொண்டுவந்து நீட்டினாள். பிறருக்கு வந்த சேதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்களோ, எனக்குப் புரியவில்லை.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. உங்கள் மேல்வீட்டு அம்மா சாவதற்குப் பதினோரு நாள் முன்பு சொல்லியனுப்பியதை நான் அவர் மகளிடம் சொன்னேனா, இல்லையா? "என் மனசு ஆறுறதுக்காகத்தான் கேக்கறேன், வேற ஒண்ணுமில்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை எடைபோடுவது நியாயமில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த மகள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. சின்னவள் என்று கூப்பிடுவோம். ஒன்பது வருடமாக ஒரே வீடு, ஒரே சமையலறை. ஒருநாள்கூட நாங்கள் முகம் சுளித்துப் பேசிக்கொண்டதில்லை. எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். "கூடப் பிறந்தவங்ககூட இப்படி இருக்க மாட்டாங்க" என்பார்கள்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பாடப்புத்தகம், டெலிபோன் டைரக்டரி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். இருபத்து நான்கு வயதில் ஒரு வாரப் பத்திரிகையில் என் சிறுகதை ஒன்று வந்தது. அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் எழுத்தாளர் என்றால் நான்தான். யாராவது ஓய்வுபெற்றால் வாழ்த்துரை எழுதுவது நான். யாராவது காலமானால் அறிவிப்பு எழுதுவதும் நான். இதையெல்லாம் செய்துகொண்டே ஒரு நாவலும் எழுதிவந்தேன். அதன் முதல் அத்தியாயத்தை இருபத்திரண்டு வருடங்களில் முப்பத்தொரு தடவை திருத்தி எழுதியிருக்கிறேன். ஒரு கமா தவறாக இருக்காது. இரண்டாம் அத்தியாயத்துக்குத்தான் இன்னும் வேளை வரவில்லை.

சின்னவளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறவள். இரண்டு வருடம் முன்பு ஒருநாள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருடிவிட்டவள் மாதிரி கையை வைத்து மறைத்தாள்.

"என்னது, கணக்கா?" என்றேன்.

"சிரிக்கக் கூடாதுக்கா. ஒரு கதை. கொஞ்சம் பெரிசா வருது."

நான் சிரிக்கவில்லை. உள்ளுக்குள்தான் சிரித்தேன். படிக்கக் கேட்டேன், கொடுத்தாள். ஒரே பக்கத்தில் பதினான்கு பிழைகள். நடுநடுவே கட்டம் போட்டு அதற்குள் குறிப்பு: "இங்கே ஒரு நாற்காலி வேணும்", "மழையா? பிறகு பார்க்கலாம்", "இவன் பேர் போன பக்கத்தில் என்ன வைத்தேன்?" எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, கடைசி வரை ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும், பிறகுதான் திருத்தமெல்லாம் என்றாள். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. முப்பது வருடம் இதே தொழிலில் இருக்கும் எனக்கு, நாவல் எழுதுவது எப்படி என்று அவள் சொல்கிறாள்.

கதை இதுதான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவன். அவன் அம்மா ஏழாம் மாடியில் குடியிருக்கிறாள். ஒன்பது வருடமாக அவள் கீழே இறங்கியதே இல்லை. ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள்; கீழே காய்கறிக்காரன் போட்டதும் இழுத்துக்கொள்வாள். மகன் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறான், தன் அம்மாவை மட்டும் கீழே கொண்டுவர முடியவில்லை. பதினான்கு பிழைகளோடு இருந்த அந்தப் பக்கத்தில் கூடை இறங்கும்போது என் கை தானாகவே ஜன்னல் கம்பியைத் தேடியது. என் முப்பத்தொரு திருத்தத்தில் ஒருமுறைகூட அப்படி ஒன்று நடந்ததில்லை.

வயிறு எரிந்தது. இதை உங்களிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அந்த அம்மா ஏன் இறங்க மாட்டேங்கறா?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியலக்கா. அதத் தெரிஞ்சுக்கத்தான் எழுதறேன்."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னவளின் கல்யாணத்துக்கு அவள் அம்மா வரவில்லை. மகள் தானாகத் தேடிக்கொண்ட சம்பந்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதன்பிறகு இவளும் போகவில்லை, அவரும் வரவில்லை. பஸ்ஸில் ஏழு நிறுத்தம்தான் தூரம். சின்னவள் அந்த வழியாக வேலைக்குப் போகும்போது பஸ்ஸின் மறுபக்கம் பார்த்து உட்காருவாள். கதையின் முதல் படி எழுதி முடிந்ததும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போவதாக இருந்தாள். "வெறுங்கையோட போனா சண்டைதான் வரும்கா. இத முடிச்சுட்டேன்னா, எனக்கு அவங்களப் புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். அப்பறம் போய் நிக்கலாம்." எல்லாமே அந்த நோட்டுகளில்தான் இருந்தது.

நான் உதவாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது கொழுந்தன் விளையாட்டாக, "உன் லிஃப்ட்காரன் அடுத்து என்ன பண்ணப்போறான்?" என்று கேட்டார். இவளும் உற்சாகமாக அடுத்த காட்சியைக் கையை ஆட்டி நடித்தே காட்டினாள். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். பிறகு பன்னிரண்டு நாள் அவளால் ஒரு வரி எழுத முடியவில்லை. சமையலறையில் வெறும் நோட்டின்முன் உட்கார்ந்திருந்தாள்.

"வாயால சொல்லிட்டேன்கா. அதோட போச்சு. சாப்பிட்டு முடிச்ச இலை மாதிரி கெடக்கு. அந்தக் காட்சிய இனிமே என்னால எழுத முடியாது."

அன்று சாயங்காலமே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து நான்தான் சட்டம் போட்டேன். கதையைப் பற்றி யாரும் அவளிடம் மூச்சுவிடக் கூடாது. அவள் எழுதும்போது யாரும் கூப்பிடக் கூடாது. வீடே தீப்பிடித்தாலும் முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய எழுத்து எதனால் சாகும் என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெறுமனே நினைத்ததுதான்.

நூற்றுநாற்பதாம் பக்கம் வரை பொறுத்துக்கொண்டேன். தினமும் காலையில் பேனா ஓடும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். நான் என் முதல் அத்தியாயத்தை எடுத்து, 'ஆகையால்' என்பதை 'ஆகவே' ஆக்கிவிட்டு, மறுநாள் பழையபடி 'ஆகையால்' ஆக்குவேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கண் ஆபரேஷன். புரை. ஒரு கண்ணுக்கு முடித்து, சில வாரம் கழித்து அடுத்த கண். படிக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. படித்தே பிழைத்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சின்னவள் வேலை முடிந்து வந்ததும் நேரே என் கட்டிலருகே வந்து உட்காருவாள். சொட்டு மருந்து அவள்தான் போடுவாள். நாளெல்லாம் தையலுக்கு ஊசி கோக்கிற உங்கள் கையைவிடவும் நிதானமான கை.

"பொழுதே போகல. உன் நோட்டையாவது படிச்சுக் காட்டேன். எழுதினதத்தானே படிக்கப்போற, அதுல என்ன போச்சு?" என்றேன்.

நியாயமான பேச்சு. படித்தாள். பக்கம் முடிந்ததும் நோட்டை மூடினாள். நான் கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு, "அப்பறம்?" என்றேன்.

"அக்கா..."

"நான் என்ன வெளியாளா? இருட்டுல கெடக்கறவகிட்ட சொல்றது, உனக்கு நீயே சொல்லிக்கற மாதிரிதானே."

சொன்னாள். மறுநாளும் கேட்டேன், அதையும் சொன்னாள். நான் வேறு எதுவும் செய்யவில்லை. தாளைக் கிழிக்கவில்லை, நோட்டை ஒளிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டேன், அதையும் ஆசையாகத்தான் கேட்டேன். கட்டு அவிழ்ப்பதற்குள் அவள் மனதில் சேர்த்துவைத்திருந்த காட்சிகளெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டன. ஐந்து வாரம் பேனா சத்தமே கேட்கவில்லை. "எனக்கு வராது போலக்கா. விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள். "உடம்பு முக்கியம், கொஞ்ச நாள் விட்டுவை" என்றேன். அந்த வாரங்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆனால் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. தெரிந்ததைத்தான் வாயால் சொல்ல முடியும். அந்த அம்மா ஏன் இறங்கிவரவில்லை என்பது அவளுக்கே தெரியாது. ஆகவே அதை என்னிடம் சொல்லவும் முடியவில்லை. அது மட்டும் அவளுக்குள் பச்சையாக அப்படியே இருந்தது. இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள், பிற்பகல் இரண்டு மணிக்குச் சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. முன்பைவிட வேகமாக ஓடியது. நான் கறுப்புக் கண்ணாடியோடு முன்னறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள்.

உங்களை நன்றாக நினைவிருக்கிறது. கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது, கழற்றக்கூட மறந்து வந்திருந்தீர்கள். "மேல்வீட்டம்மாவுக்கு ரொம்ப முடியல. போன்ல சொல்லாதே, நேர்ல போய்ச் சொல்லுன்னாங்க. பொண்ணு இருக்குதா?" என்று கேட்டீர்கள்.

"வேலைக்குப் போயிருக்கா. எங்கிட்ட சொல்லுங்க, ஒரு எழுத்து மாறாம சொல்லிடறேன்" என்றேன்.

அது அவளுடைய விடுமுறை நாள். அவள் உங்களுக்குப் பத்தடி தூரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

கோபப்படாமல் யோசியுங்கள். ஐந்து வாரம் வறண்டு கிடந்தவளுக்கு அப்போதுதான் எழுத வந்திருக்கிறது. எழுதும்போது கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், அதைப் போட்டவளே மீறலாமா? எழுதி முடித்து வரட்டும், சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆறு மணிக்கு வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "இருபது பக்கம்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாளும் எழுதினாள். அதற்கு மறுநாளும் எழுதினாள். நீங்கள் மறுபடி வந்து கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். நீங்கள் இரண்டாவது முறை வரவில்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அனுப்பிய ஆளுக்குக் கொழுந்தன் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். சின்னவள் உங்கள் மாடிப்படியில் உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள். நான் இரண்டு படி கீழே நின்றேன். நீங்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தீர்கள். சொல்லியனுப்பியும் வராதவள் என்று நினைத்திருப்பீர்கள், உங்கள்மேல் தப்பில்லை. "இப்ப கேட்டு என்ன ஆகப்போவுது" என்று கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அவள் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டாள். அம்மா கடைசிவரை தன்னைக் கேட்கவே இல்லை.

நான் வாயைத் திறக்க அங்கே நேரம் இருந்தது. திறக்கவில்லை. துக்க வீட்டில் புதிதாக ஒரு குழப்பம் எதற்கு என்று பட்டது.

அதன்பிறகு நாவல் நான்கே நாளில் முடிந்தது. முதல் படி, முந்நூற்றுப் பத்துப் பக்கம். என்னிடம்தான் முதலில் கொடுத்தாள். கடைசிக் காட்சியில் மகன் லிஃப்டை ஏழாம் மாடியில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். அம்மா அவனையும் லிஃப்டையும் பார்க்கிறாள். பிறகு வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். காரணம் எதுவும் கிடையாது. சில பேருக்கு மனசே கிடையாது என்று முடிகிறது. படித்துவிட்டுக் கொழுந்தன் அசந்துபோனார். என் வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சின்னவள் மட்டும், "முடிச்சாச்சு. ஆனா எங்க போய் நிக்கறதுன்னு தெரியலக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. இப்போதெல்லாம் அவள் அழுவதே இல்லை. பஸ்ஸில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காருகிறாள்.

அந்த முடிவு தப்பு. அது தப்பு என்று அறிந்தவர்கள் நீங்களும் நானும் மட்டும்தான். இரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவள் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்து எனக்கு வயிறு எரியவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இல்லை, நான் சொல்லவில்லை. மறந்தும் போகவில்லை. அச்சகத்தில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நான் வாசிக்கிறேன், நீங்கள் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மா உங்களிடம் சொல்லியனுப்பியது இது: "கல்யாணத்தன்னிக்குக் கிளம்பித்தான் உக்காந்திருந்தேன்னு அவகிட்ட சொல்லு. செருப்புகூட மாட்டிட்டேன். அவ ரெண்டாவது தடவை கூப்பிடுவான்னு சாயங்காலம் வரைக்கும் கழட்டாம உக்காந்திருந்தேன். இப்ப எறங்க முடியல. அவள வரச் சொல்லு."

இதுதானே? ஓர் எழுத்துகூட மாறவில்லையே?

நீங்கள் படியிறங்கிப் போனதும் நான் உள்ளே போய் முதலில் செய்தது, அதை அப்படியே எழுதிவைத்ததுதான். கண்ணில் மருந்தோடு, குனியக் கூடாது என்று சொல்லியிருந்தும், குனிந்து எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பக்கம் பக்கமாக எதைத் தேடிக்கொண்டிருந்தாளோ, அது என் கையில் இருந்தது. எல்லாம் அவளுக்கே ஏன் வந்து சேர வேண்டும் என்று இருந்தது எனக்கு. கூடையும் அவளுக்கு, ஏழாம் மாடியும் அவளுக்கு, செத்துக்கொண்டிருக்கும் அம்மா வீடு தேடி அனுப்புகிற அந்த நான்கு வரியும் அவளுக்கா? சொல்லியிருந்தால் அழுதுகொண்டு ஓடியிருப்பாள். அம்மாவும் பெண்ணும் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வார்த்தைகள் அந்தக் கட்டிலோடு முடிந்துபோயிருக்கும்.

என் பழைய அத்தியாயத்தை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். புதிதாக ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். செருப்பு மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியில் ஆரம்பிக்கிறது. அறுபத்திரண்டு பக்கம் ஆகிறது. திரும்பிப் பார்க்காமல் எழுதுகிறேன், தானாக வருகிறது. இப்படி எழுத வரும் என்று எனக்கே தெரியாது.

இன்னொருவருக்கு வந்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வாசலில் நின்று, நிறுத்தி நிதானமாக, நீங்கள் அதை என்னிடம்தான் சொன்னீர்கள்.